கட்டத்துக்குள் இருக்கும் எழுத்தையும் பதிவு செய்யுங்கள்

பழைய நாளிதழ்களை மின்னாக்கம் செய்யும் நூலகர்களுக்கும், ஆவணக் காப்பகத்தாருக்கும், தங்கள் பழைய இதழ்களை இன்றும் கட்டிக் காத்து வரும் பத்திரிகை நிறுவனத்தாருக்கும்,

வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்த நாளிதழ்த் துண்டு ஒன்று என் கைக்கு வந்தது. உள்ளங்கை அளவுதான் இருக்கும். ஒரு சின்னக் கட்டத்துக்குள் கறுப்பு மையில் வரைந்த ஒரு மணிக்கூண்டு. நான்கு பக்கமும் கடிகாரம். மூன்றில் முள் இருக்கிறது, நான்காவது வெறும் வட்டம். அடியில் ஓவியரே கையால் எழுதிய மூன்று வரிகள். வடக்குப் பக்கக் கடிகாரத்துக்கு மட்டும் முள் வைக்காமல் விட்டதற்குக் காரணம் என்று தொடங்குகிறது முதல் வரி. அடுத்த வரி மடிப்பில் கிழிந்து போயிருந்தது.

அந்தக் காரணத்தைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. துண்டின் பின்பக்கத்தில் ஒரு விளம்பரமும் தேதியின் பாதியும் இருந்தன. எந்த நாளிதழ் என்று கண்டுபிடித்தேன். அது ஏற்கெனவே மின்னாக்கம் ஆகியிருந்தது. மகிழ்ச்சியோடு தேடுபெட்டியில் மணிக்கூண்டு, கடிகாரம், முள் என்று ஒவ்வொரு சொல்லாகப் போட்டுப் பார்த்தேன். மணிக்கூண்டைப் பற்றிய செய்திகள் வந்தன, கடிகார விளம்பரங்கள் வந்தன. அந்தக் கட்டம் மட்டும் வரவில்லை. சரி என்று, தேதி வாரியாக ஒவ்வொரு பக்கமாகப் புரட்ட ஆரம்பித்தேன். நான்காம் நாள் கிடைத்தது. பக்கம் இருக்கிறது, கட்டம் இருக்கிறது, வரி கிழியாமலும் இருக்கிறது. ஆனால் அது மைக்ரோஃபிலிமிலிருந்து, அதாவது பக்கங்களைச் சின்னதாக்கிப் பதிந்து வைத்த படச்சுருளிலிருந்து, எடுத்த படம். எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கறுப்புத் திட்டாகக் கிடந்தன. அந்தக் காரணம் எனக்கு இன்றுவரை தெரியாது.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தப் பக்கத்தைக் குப்பைக்குப் போகாமல் காத்ததே உங்களைப் போன்றவர்கள்தான். உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று: பழைய நாளிதழ்களை மின்னாக்கம் செய்யும்போது, இந்த மாதிரியான உள்ளூர்த் துணுக்குச் சித்திரங்களுக்குள் கையால் எழுதியிருக்கும் எழுத்தை யாராவது ஒருவர் கண்ணால் படித்துத் தட்டச்சு செய்து வைக்க வேண்டும். அதைச் செய்யாதவரை அந்தச் சித்திரங்கள் உங்கள் தொகுப்பில் இருந்தும் இல்லாதவைதான்.

எதைச் சொல்கிறேன் என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அரசியல் கருத்துப்படங்களைச் சொல்லவில்லை. அவற்றுக்கு ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், தொகுப்பு நூல்கள் இருக்கின்றன. தினமும் வந்த தொடர் சித்திரக் கதைகளுக்கும் ரசிகர் கூட்டம் உண்டு. நான் சொல்வது செய்திக்கும் விளம்பரத்துக்கும் நடுவே கிடைத்த இடத்தில் வந்த சின்னக் கட்டங்கள். இந்தத் தெருவுக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது, ரயில் நிலையம் ஏன் ஊரைவிட்டு இவ்வளவு தள்ளி இருக்கிறது, எந்த வீட்டுச் சுவரில் பழைய வெள்ளத்தின் நீர்மட்டக் குறி இன்னும் இருக்கிறது, முதல் மின்விளக்கு எந்தக் கடை வாசலில் எரிந்தது. இப்படி ஒரு படம், இரண்டு மூன்று வரி எழுத்து. மறுநாள் பழைய பேப்பராகிப் போகும் சமாச்சாரம் என்றுதான் அன்றைக்கு எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

இந்த வகையில் பெரிய அளவில் புகழ் பெற்றது அமெரிக்க ஓவியர் ராபர்ட் ரிப்ளியின் கட்டம். 1918 டிசம்பர் 19 அன்று நியூயார்க் குளோப் நாளிதழில், விளையாட்டு வினோதங்களைத் திரட்டிப் போட்ட ஒரு சித்திரமாக அது தொடங்கியது. பிறகு ‘நம்பினால் நம்புங்கள்’ என்று உலகம் முழுக்கப் போனது. அமெரிக்காவுக்குச் சட்டப்படி தேசிய கீதம் கிடையாது என்று 1929-இல் ஒரு கட்டத்தில் ரிப்ளி சொன்னார். அது பெரும் விவாதமாகி, 1931 மார்ச்சில் அதற்கான சட்டமே வந்தது. விமானி லிண்ட்பெர்க் அட்லாண்டிக் கடலை நிற்காமல் பறந்து கடந்த 67-ஆவது ஆள் என்று போட்டபோது வாசகர்கள் கொதித்துப் போய்க் கடிதம் எழுதினார்கள். கணக்கு இதுதான்: 1919-இல் ஆல்காக், பிரவுன் இருவர்; அதே ஆண்டு ஆர்-34 ஆகாயக் கப்பலில் 31 பேர்; 1924-இல் ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா போன ஆகாயக் கப்பலில் 33 பேர். மொத்தம் 66. தனியாகப் பறந்ததில் லிண்ட்பெர்க் முதல்வர்தான், அதை யாரும் மறுக்கவில்லை.

இந்தக் கட்டங்களுக்குப் பின்னால் இருந்த உழைப்பை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கும். ரிப்ளிக்குத் தகவல் தேடிக் கொடுத்தவர் நார்பர்ட் பேர்ல்ராத். 1923 முதல் 1975 வரை, அரை நூற்றாண்டுக்கு மேல், நியூயார்க் பொது நூலகத்தின் படிப்பறையில் உட்கார்ந்து நூல்களைப் புரட்டியவர். படத்தில் கையெழுத்து வேறொருவருடையது. ஆனால் கட்டத்துக்குள் இருந்த வரிகளில் பல ஒரு நூலகத்தின் மேசையிலிருந்து எழுந்து வந்தவை. நூலகர்களாகிய உங்களுக்கு இதைச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

ஆனால் என் மனம் போவது உலகப் புகழ் பெற்ற ரிப்ளியிடம் இல்லை. ஒரே ஊருக்காக வரைந்தவர்களிடம்தான். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், கொலம்பஸ் டிஸ்பாட்ச் நாளிதழில் பில்லி அயர்லாந்து என்பவர் 1908 முதல் 1935-இல் இறக்கும் வரை ஞாயிறுதோறும் ஒரு முழுப் பக்கம் வரைந்தார். அந்தந்த வாரம் ஊரில் நடந்தது, பழைய கட்டடம், ஆறு, பருவநிலை, நகரசபையில் நடந்த வாக்குவாதம் எல்லாம் அந்த ஒரே பக்கத்தில் குட்டிக் குட்டிப் படங்களாக இருக்கும். 27 ஆண்டு! ஒரு நகரத்துக்கு வாரம் ஒரு நாட்குறிப்பு எழுதி வைத்த மாதிரி. இன்று உலகிலேயே மிகப் பெரிய கேலிச்சித்திர நூலகங்களில் ஒன்று, ஒஹையோ அரசுப் பல்கலைக்கழகத்தில், அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருக்கு அப்படி ஒரு பேறு கிடைத்தது. மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை. சிறு நகரங்களின் நாளிதழ்களில் ஒரே ஓவியர்தான் விளையாட்டுப் படமும் வரைவார், விளம்பரத்துக்கும் வரைவார், வரைபடமும் போடுவார், புகைப்படத்தைத் திருத்தியும் கொடுப்பார். வாரம் ஒரு நாள் மட்டும் ஊர்த் துணுக்குக் கட்டம். மூலையில் இரண்டெழுத்துக் கையொப்பம். அவ்வளவுதான் அவரைப் பற்றி மிஞ்சியிருப்பது.

இந்தக் கட்டங்களை நான் வரலாற்று ஆவணமாக மதிப்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. 1930-இல் ஒரு ஓவியர் 80 வயதுப் பெரியவர் ஒருவரைத் திண்ணையில் உட்கார வைத்துப் பேச்சுக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெரியவர் பிறந்தது 1850. அவருடைய தாத்தா அவருக்குச் சொன்ன கதை என்றால் அது 1800-ஐத் தொட்டுவிடும். செய்தியாளர் இந்தப் பேச்சை எழுதியிருக்க மாட்டார், ஏனென்றால் அதில் செய்தி இல்லை. அரசு ஆவணத்திலும் ஏறாது, ஏனென்றால் அதில் வரியோ வழக்கோ இல்லை. ஓவியருக்கு மட்டும் அது போதும். ஒரு மரம், அதன் அடியில் ஒரு குதிரை, மூன்று வரி எழுத்து. மறுநாள் அச்சாகிவிடும். அந்தப் பெரியவர் அடுத்த ஆண்டு போய்ச் சேர்ந்திருப்பார். அவர் நினைவு தாளில் ஏறிய ஒரே இடம் அந்தக் கட்டம்.

சரி, அப்படியானால் தேடும்போது இவை ஏன் கிடைப்பதில்லை? உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். நாளிதழின் மற்றப் பகுதிகள் ஈய எழுத்தை அடுக்கி அச்சானவை. ஒரே அளவு, ஒரே வடிவம். அதை எழுத்துணரி மென்பொருள் ஓரளவு படித்துவிடும். சித்திரம் அப்படி இல்லை. ஓவியர் வரைந்ததைப் புகைப்படம் எடுத்து, ஒளியுணரும் பூச்சுப் பூசிய துத்தநாகத் தகட்டில் ஏற்றி, அமிலத்தில் அரித்து பிளாக் செய்வார்கள். படமும் அதற்குள் இருக்கும் எழுத்தும் ஒரே தகட்டில் சேர்ந்து வந்துவிடும். மென்பொருளின் பார்வையில் அந்த எழுத்தும் ஒரு கோடு, குதிரையின் வாலும் ஒரு கோடு. வளைந்த எழுத்து, சாய்ந்த எழுத்து, மரக்கிளைக்குள் புகுந்து போகும் எழுத்து என்று ஓவியர்கள் ஆசையாக எழுதினார்கள். அந்த அழகுதான் இன்று அவர்களை மறைக்கிறது.

இயந்திரத்தால் எதுவும் முடியாது என்று சொல்லவில்லை. 2020-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் செய்த ஒரு பணி எனக்கு நம்பிக்கை தந்தது. மின்னாக்கம் செய்த 1 கோடியே 63 லட்சம் நாளிதழ்ப் பக்கங்களை இயந்திரக் கற்றல் முறையில் அலசி, எது புகைப்படம், எது வரைபடம், எது சித்திரக் கதை, எது கருத்துப்படம் என்று பிரித்தெடுத்தார்கள். அந்த இயந்திரத்துக்குக் கற்றுக் கொடுக்க அடிப்படையாக இருந்தது தன்னார்வலர்கள் பக்கங்களின் மேல் ஒவ்வொன்றாகப் போட்ட பெட்டிக் குறிகள். ஆக, கட்டம் எங்கே இருக்கிறது என்று இயந்திரம் காட்டிக் கொடுக்கும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான் மனிதக் கண் படிக்க வேண்டியிருக்கிறது. பெரிய வேலை பாதி முடிந்துவிட்டது என்றே இதை எடுத்துக்கொள்கிறேன்.

மீதிப் பாதிக்கும் முன்மாதிரி உண்டு. ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்தின் ‘ட்ரோவ்’ தளத்தில், எழுத்துணரி தப்பாகப் படித்த பழைய நாளிதழ் வரிகளைப் பொதுமக்களே உட்கார்ந்து திருத்துகிறார்கள். யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. தாத்தாவின் பெயரைத் தேடி வந்தவர், பக்கத்துச் செய்தியையும் சேர்த்துத் திருத்திவிட்டுப் போகிறார். இதே வசதியைச் சித்திரக் கட்டங்களுக்கும் திறந்துவிட்டால் வருவதற்கு ஆள் இருக்கிறது. முதல் ஆளாக நான் வருவேன்.

தட்டச்சு செய்யும்போது கட்டத்தில் உள்ளதை உள்ளபடியே போட வேண்டும், பழைய எழுத்துமுறையோடு. அதோடு படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி. எந்த இடம், எந்தத் தெரு என்று தெரிந்தால் இன்றைய பெயரும் சேர வேண்டும், ஏனென்றால் தேடி வருபவர் இன்றைய பெயரைத்தான் போடுவார். மூலையில் இருக்கும் கையொப்பத்தை விடாதீர்கள். இரண்டெழுத்துதானே என்று தோன்றும். அதே இரண்டெழுத்து நூறு கட்டங்களில் ஒன்றாகச் சேரும்போதுதான் அங்கே ஒரு ஓவியர் இருந்தார் என்பதே தெரியவரும்.

மைக்ரோஃபிலிமைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மரக்கூழில் செய்த நாளிதழ்த் தாளில், மரத்தில் இயல்பாக இருக்கும் லிக்னின் என்ற பொருள் அப்படியே தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் பட்டு மஞ்சளாகி, அமிலம் ஏறி, ஓரத்திலிருந்து உதிர ஆரம்பிக்கும். இடமும் இல்லை, தாளும் நொறுங்குகிறது என்றபோது ஃபிலிமில் ஏற்றியது நல்ல எண்ணத்தில் எடுத்த முடிவுதான். அது இல்லாவிட்டால் பல நாளிதழ்கள் சுவடே இல்லாமல் போயிருக்கும். ஆனால் அந்த ஃபிலிம் கறுப்பு-வெள்ளை எழுத்தைப் படிக்கவென்று தயாரானது. நடுவில் உள்ள சாம்பல் நிறம் அதில் தங்காது. நெருக்கமாகப் போட்ட கோட்டு நிழல் கறுப்பாகிவிடும், மெல்லிய கோடு காணாமல் போகும், வண்ணப் பக்கம் வண்ணத்தையே இழக்கும். அப்புறம், ஃபிலிம் எடுத்தாயிற்று என்று மூலத் தொகுதிகளைப் பல நூலகங்கள் கழித்துக் கட்டின. அப்படிக் கழித்ததை வாங்கிச் சேர்த்தவர் பில் பிளாக்பேர்ட். 1968-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு அமைப்பைத் தொடங்கி, தன் வீட்டையே நாளிதழ்களால் நிரப்பினார். 1998-இல் அந்தத் தொகுப்பு நான் முன்பு சொன்ன ஒஹையோ கேலிச்சித்திர நூலகத்துக்குப் போனபோது அதன் எடை 75 டன். ஆறு பெரிய லாரிகள் வேண்டியிருந்தன. நூலகங்கள் வேண்டாம் என்று விட்டது கடைசியில் ஒரு நூலகத்துக்கே திரும்பி வந்து சேர்ந்தது.

அதனால் மூலத் தாள் உங்களிடம் இன்னும் இருந்தால், தயவுசெய்து ஃபிலிமை வைத்து வேலையை முடித்துவிடாதீர்கள். ஃபிலிமிலிருந்து எடுத்த படத்தில் சித்திரம் திட்டாகத் தெரிந்தால், அந்தப் பக்கத்தை மட்டுமாவது தாளிலிருந்து வண்ணத்தில் மறுபடி எடுங்கள். கட்டத்தை மட்டும் வெட்டி எடுக்க வேண்டாம், முழுப் பக்கமும் வேண்டும். அதே பக்கத்தில் வெள்ளச் செய்தி இருந்தால்தான் அன்று ஓவியர் ஏன் பழைய வெள்ளத்தை வரைந்தார் என்பது புரியும். ஓவியர் வரைந்த மூல அட்டையே கிடைத்தால் பெரும் பாக்கியம். அதன் ஓரங்களையும் பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். நீலப் பென்சில் கோடு அச்சுக் காமிராவில் விழாது என்பதால் ஓவியர்கள் அதில்தான் குறிப்பு எழுதினார்கள். யார் சொன்ன தகவல் என்பதுகூட அந்த ஓரத்தில் இருக்கலாம்.

இந்தக் கட்டங்களில் சொன்னதெல்லாம் உண்மை என்று நான் வாதாட வரவில்லை. ஊர்க்கதை எது, நடந்தது எது என்று பிரிக்காமல் போட்டவை ஏராளம். அச்சில் வந்துவிட்டதாலேயே பிறகு அது ‘வரலாறு’ ஆகி, அடுத்தவர் அதை எடுத்து எழுத, அதைப் பார்த்து இன்னொருவர் எழுத என்று வளர்ந்திருக்கிறது. ஆனால் இதற்கு மருந்தும் அதே நாளிதழில்தான் இருக்கிறது. கட்டம் வந்த இரண்டு வாரத்தில் ஆசிரியருக்குக் கடிதம் வந்திருக்கும்: அந்தக் கிணற்றை வெட்டியது அவர் இல்லை, என் பாட்டனார், ஆண்டும் தப்பு என்று. அந்தக் கடிதத்தையும் கட்டத்தையும் ஒன்றோடொன்று இணைத்து வைத்தால் தேடி வருபவருக்கு இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும். கடிதம் ஈய எழுத்தில் இருப்பதால் இப்போதே தேடலில் வருகிறது. மறுப்பு கிடைக்கிறது, எதற்கு மறுப்பு என்பது கிடைக்கவில்லை. இது விசித்திரமான நிலைமை.

இன்னொரு சங்கடமான விஷயமும் இருக்கிறது. இந்தச் சித்திரங்களில் பல, எளிய மக்களையும் வேற்றினத்தாரையும் இழிவாகக் காட்டின. டல்லாஸ் மார்னிங் நியூஸ் நாளிதழ் 1926 முதல் 1928 வரை டெக்சஸ் மாநில வரலாற்றைச் சித்திரத் தொடராகப் போட்டது. ஜாக் பேட்டன் வரைய, ஜான் ரோசன்ஃபீல்ட் எழுதினார். பிறகு அது சிறு நூலாகி, ஒரு எண்ணெய் நிறுவனத்தின் செலவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் போனது. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் வரலாற்றை அதில்தான் படித்தார்கள். மெக்சிகோ மக்களையும் கறுப்பினத்தாரையும் பூர்வகுடிகளையும் அது கேவலமாக வரைந்திருந்தது. பின்னாளில் எதிர்ப்பு வந்து, மறுபதிப்புகளில் பல கட்டங்களை நீக்கினார்கள், மாற்றினார்கள். பள்ளிப் பிள்ளை கையில் கொடுக்கும் நூலுக்கு அது சரி. ஆனால் ஆவணக் காப்பகத்தில் நீக்கக் கூடாது. இழிவுக்கு ஆளானவர்களின் பேரப்பிள்ளைகள் நாளை சாட்சியம் கேட்டு வருவது உங்களிடம்தான். கட்டத்தை அப்படியே வைத்து, இது எப்படிப்பட்டது என்று பக்கத்தில் நேராக எழுதுங்கள். அந்த மக்களிடமே கேட்டு எழுதினால் இன்னும் நல்லது.

பதிப்புரிமையைக் காரணம் காட்டி இந்த வேலை நின்றுபோவதையும் பார்க்கிறேன். அமெரிக்காவில் வெளியாகி 95 ஆண்டு கடந்தவை பொதுச் சொத்தாகிவிடுகின்றன. வேறு நாடுகளில் கணக்கு வேறு. எது கடந்துவிட்டதோ அதை முதலில் திறந்துவிடுங்கள். மற்றதற்குப் பொறுமை இருக்கிறது. பத்திரிகை நிறுவனத்தாரிடம் மட்டும் ஒரு வேண்டுகோள்: உரிமை உங்களுடையது என்றால் அனுமதியும் உங்கள் கையில்தான். ஐம்பது ஆண்டுக்கு முந்தைய ஒரு துணுக்குக் கட்டத்தால் இனி உங்களுக்குப் பெரிய வருமானம் வந்துவிடப் போவதில்லை.

எல்லாத் தொகுதிகளையும் ஒரே நேரத்தில் எடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரே ஒரு ஆண்டு போதும். அந்த ஆண்டின் தொகுதியை எடுத்து, அதில் வந்த ஊர்த் துணுக்குக் கட்டங்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். வாரம் ஒன்று என்றால் 52 கட்டம். ஒரு கட்டத்தில் முப்பது சொல் என்று வைத்தாலும் மொத்தம் 1,560 சொல். பழகிய கைக்கு இரண்டு நாள் வேலை. அந்த இரண்டு நாளில், இதுவரை எந்தத் தேடலிலும் வராத 52 இடங்களும் மனிதர்களும் கண்ணுக்குத் தெரிய வருவார்கள். 1937-இல் ரிப்ளியின் கட்டத்தில், ஊசியையும் சவரத் தகட்டையும் தின்னும் ஒரு நாயின் படம் வந்தது. வரைந்து அனுப்பியது 14 வயதுப் பையன். அவன் பெயர் சார்லஸ் ஷுல்ஸ், பின்னாளில் ஸ்னூப்பி என்ற சித்திர நாயைப் படைத்தவர். அந்தச் சின்னக் கட்டத்தில்தான் அவர் படம் முதன்முதலாக அச்சேறியது. அவர் பிறகு புகழ் பெற்றதால் அதைத் தேடி எடுத்துவிட்டார்கள். புகழ் பெறாத பிள்ளைகள் அனுப்பிய படங்கள் எத்தனை, எந்தத் தொகுதிக்குள் கிடக்கின்றன?

நான் தேடும் மணிக்கூண்டின் மூலத் தாள் உங்களில் யாரிடமாவது இருக்கலாம். மூன்று வரிதான். இரண்டாவது வரி எனக்கு வேண்டும். தொகுதியைத் திறக்கும் நாளைச் சொல்லுங்கள், நான் வந்து தட்டச்சு செய்கிறேன். அந்தக் கட்டத்தோடு நிறுத்தாமல் அந்த ஆண்டு முழுவதையும்.

அன்புடன்,
பழைய பக்கங்களைப் புரட்டும் ஒரு வாசகர்